நகரம் கூடிக் கட்டிய கல்விக்கூடம்: யாழ்ப்பாணப் பொது நூலகமும் நாமும்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையிலே, நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். பாடசாலையின் தோற்றத்தையும், அதிபர்களின் பணியையும், சங்கத்தின் வளர்ச்சியையும் இம்மலரிலே வேறு சகோதரிகள் என்னிலும் சிறப்பாக எழுதியிருக்கின்றனர். ஆகவே நான் பாடசாலை மதிலுக்கு வெளியே போய், இந்த நகரத்தின் கல்வி வரலாற்றிலே ஒரு பக்கத்தை எடுத்து எழுத விரும்புகிறேன். நாம் படித்தது எமது பாடசாலையில் மட்டுமல்ல. நகரத்தின் நடுவிலே, முற்றவெளிக்கு அருகே, வெள்ளைக் கட்டடம் ஒன்றிலும் நாம் படித்தோம். எம்மை அங்கே அனுப்பியது பாடசாலை. அதைக் கட்டித் தந்தது நகரம்.

எமது சங்கத்தின் முதற் கூட்டம் நடந்த காலத்திலே யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் என்று ஒன்று இருக்கவில்லை. பாடசாலைகள் நிறைய இருந்தன. இலங்கையிலே வேறு எந்த நகரத்தோடும் ஒப்பிட்டுப் பெருமைப்படும் அளவுக்கு இருந்தன. ஆனால் எல்லோருக்கும் பொதுவான கல்விக்கூடம் ஒன்று இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை, பின்பு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போட்டியிலே முளைத்த பாடசாலைகள்

யாழ்ப்பாணக் கல்வியின் கதை பெரும்பாலும் போட்டியின் கதை. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க மிஷனும், மெதடிஸ்த மிஷனும், அங்கிலிக்கன் சி.எம்.எஸ். மிஷனும் குடாநாட்டைப் பங்கிட்டுக்கொண்டு பாடசாலைகளை நிறுவின. பெண்களுக்கென 1824 இல் உடுவிலிலே விடுதிப் பாடசாலை தோன்றியது. நகரத்திலே 1834 இல் வேம்படியும், 1896 இல் சுண்டுக்குளியும் தோன்றின. கத்தோலிக்கத் திருச்சபையின் அழைப்பை ஏற்று 1862 இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினர். பெண்ணுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு என்று கேட்ட ஊரிலே, பிள்ளைகளைச் சேர்ப்பதற்கே மிஷனரிமார் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. படித்து முடித்த பெண்ணுக்கு மிஷன் சீதனம் கொடுத்துக் கலியாணம் செய்துவைத்த காலமும் உண்டு.

மிஷன் பாடசாலைக்குப் போகும் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற அச்சம் சைவ மக்களிடையே இருந்தது. அந்த அச்சத்துக்கு விடையாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1888 இல் சைவபரிபாலன சபை எழுந்தது. 1890 அளவிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவம் பெற்றது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. 'இந்து போர்ட் இராசரத்தினம்' என்று மக்களால் அழைக்கப்பட்ட சு. இராசரத்தினம் அவர்கள் அதன் உயிராக நின்று, பிடி அரிசித் தண்டலிலிருந்து பெரிய நன்கொடை வரை திரட்டி, ஊருக்கு ஊர் தமிழ்ப் பாடசாலைகளைத் திறந்தார்.

இந்தப் போட்டிக்கு அரசாங்கத்தின் உதவிநன்கொடை முறையும் எண்ணெய் வார்த்தது. பிள்ளைகளின் வரவையும் சோதனைப் பெறுபேற்றையும் பார்த்தே முகாமையாளருக்கு உதவிப்பணம் கிடைத்தது. ஏற்கனவே உள்ள பாடசாலைக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள்ளே புதிதாகத் தொடங்குபவருக்கு உதவி இல்லை என்ற விதியும் ஒரு காலத்தில் இருந்தது. முந்திக்கொண்டவர் மிஷனரிமார், பிந்தி வந்த சைவர்கள் அந்த விதியினால் இடர்ப்பட்டனர். ஆகவே ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பிள்ளைகளைத் தத்தம் பாடசாலையிலே பிடித்து வைத்திருக்கப் பாடுபட்டனர்.

இந்தப் போட்டியினால் நாம் பெற்ற நன்மையை மறைக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் முந்த முயன்றதனாலேயே இச்சிறிய நகரத்துக்கு இத்தனை கல்லூரிகள் வந்தன. எமது பாடசாலையும் அந்தப் போட்டியின் பிள்ளைதான். ஆனால் அதற்கு ஒரு குறையும் இருந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு சிறு நூலகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சமயம் என்ற நிலை இருந்தது.

வாசலுக்கு வெளியே நின்றோர்

அந்த வாசல்களுக்கு உள்ளே வர முடியாமல் நின்றவர்களும் இருந்தனர். ஆங்கிலக் கல்லூரிகளுக்குச் சம்பளம் கட்ட வேண்டும். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு பெண்பிள்ளையும் உள்ள வீட்டிலே, கையில் உள்ள பணம் யாருக்குப் போயிருக்கும் என்று இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதிலும் கொடியது சாதி. ஒரே வகுப்பிலே சில பிள்ளைகள் வாங்கிலும் சில பிள்ளைகள் தரையிலும் இருந்து படித்த வழக்கம் எமது மண்ணில் இருந்தது. 1929 அளவிலே, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. மனுக்கள் எழுதப்பட்டன. 1930 இல் குடாநாட்டிலே சில பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வைத்தவர்கள் வெளியூரவர் அல்லர். கல்வியைக் கண்ணென்று போற்றும் எமது சமூகமே, தன் பிள்ளைகளோடு வேறு பிள்ளைகள் சரிசமமாக இருப்பதைப் பொறுக்காமல் பாடசாலைக் கொட்டில்களை எரித்தது. நூற்றாண்டு மலரிலே இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். பின்னால் வேறொரு தீயைப் பற்றி எழுத இருக்கிறேன். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் அது வரலாறு ஆகாது.

சமயச் சுவர்களைத் தாண்டி முதலிலே கைகோத்தவர்கள் இளைஞர்கள். 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்பு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அதனை நடத்தினர். சைவரும் கிறிஸ்தவரும் ஒரே மேடையிலே நின்றனர். சமபோசனம், சமஆசனம் ஆகியவற்றுக்காகக் குரல் கொடுத்தனர். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்த பேரின்பநாயகம் அவர்கள் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார் என்பதிலிருந்து, காலம் எப்படி மாறத் தொடங்கியது என்பதை உணரலாம்.

844 புத்தகங்கள்

இந்தச் சூழலிலேதான் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் 1933 இல் ஒரு காரியம் செய்தார். தமது வீட்டிலே இருந்த புத்தகங்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலே எல்லோருக்கும் பொதுவான இலவசத் தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். அவர் செல்வந்தருமல்லர், சமயத் தலைவருமல்லர். ஆனால் அவருடைய அழைப்பு எல்லாத் தரப்பினரின் காதிலும் விழுந்தது.

1934 ஜூன் 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பிரமுகர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நீதிபதி, சட்டத்தரணி, ஆசிரியர், குருமார், அரசாங்க உத்தியோகத்தர் எனப் பலர் கூடினர். நூலகத்துக்கென ஒரு குழு அமைந்தது. செல்லப்பா செயலாளராகப் பொறுப்பேற்றார். குழுவின் முக்கியஸ்தர்களில் ஐசாக் தம்பையாவும் ஒருவர். கிறிஸ்தவரான இவரே தாயுமான சுவாமிகளின் பாடல்களை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து 1925 இல் நூலாக வெளியிட்டவர். இத்தகைய ஒருவர் அந்தக் குழுவிலே இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறர் நூலைத் தன் நூலாக வாசிக்கத் தெரிந்தவருக்கே பொது நூலகத்தின் அருமை தெரியும்.

1934 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. இருந்தவை 844 புத்தகங்களும் முப்பதளவிலான பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். தளபாடமும் சொற்பமே. அடுத்த ஆண்டிலே நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. இந்தக் கைமாற்றம் சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் இக்கதையிலே மிக முக்கியமான திருப்பம் இதுவே. நன்கொடையாளர் சிலரின் தர்மமாக இருந்த ஒன்று அன்றிலிருந்து நகரத்தின் சொத்தாயிற்று. வரியிறுப்பவர் எவரும் இது என்னுடையது என்று சொல்லலாம். எந்தச் சபையின் அங்கத்தவர், எந்தக் கோயிலடி, எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே நினைவு கூரலாம். 1931 இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தமையால், குடாநாட்டுத் தொகுதிகளிலே சட்டசபைத் தேர்தல் 1934 இலேயே நடைபெற்றது. எமது பாட்டிமார் முதன்முதலாக வாக்களித்ததும், இந்த நூலகம் கதவு திறந்ததும் ஒரே ஆண்டிலே.

அடிக்கல்லிலிருந்து திறப்பு விழா வரை

வாசகர் தொகை பெருக, வாடகைக் கட்டடங்கள் போதவில்லை. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரசபையாகத் தரமுயர்ந்தது. முதலாவது மாநகர முதல்வரான சாம் ஏ. சபாபதி அவர்கள் நிரந்தரக் கட்டடம் ஒன்றுக்கான முயற்சியை முன்னெடுத்தார். அவரோடு தோளோடு தோள் நின்றவர் வணபிதா லோங் அடிகளார். அயர்லாந்திலே பிறந்து, 1936 முதல் 1954 வரை புனித பத்திரிசியார் கல்லூரியின் றெக்டராக இருந்தவர். தமது கல்லூரிக்கே மாடிகள் கட்டவும் மைதானம் அமைக்கவும் பணம் தேட வேண்டியிருந்தவர், நகரத்தின் நூலகத்துக்காகவும் படியேறி இறங்கினார். எல்லாக் கல்லூரிகளும் தத்தமக்கெனத் திரட்டிய காலத்திலே, ஒரு கல்லூரியின் தலைவர் எல்லாப் பிள்ளைகளுக்குமாகத் திரட்டினார்.

பணம் ஓரிடத்திலிருந்து வரவில்லை. நன்கொடை சேர்த்தார்கள். களியாட்ட விழா நடத்தினார்கள். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள். இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உதவி கேட்டுப் பெற்றார்கள். களியாட்டத்துக்கு வந்து சில்லறையைச் செலவழித்த குடிமகனுக்கும் அந்தக் கட்டடத்திலே ஒரு கல் சொந்தம்.

எப்படிக் கட்டுவது என்பதிலும் அவர்கள் அவசரப்படவில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையைப் பெற்றார்கள். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் அவர்கள் திராவிடக் கட்டடக்கலை மரபிலே வரைபடம் அமைத்தார். 1954 மார்ச் 29 ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்ரோபர் 11 ஆம் திகதி, அப்போதைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அவர்கள் நூலகத்தைத் திறந்துவைத்தார்.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே ஐந்தரை ஆண்டுகள். இதற்குள் முதல்வர்கள் மாறினர். 1955 இல் முஸ்லிம் பெருமகனான எம். எம். சுல்தான் அவர்கள் முதல்வராக இருந்தார். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் கைவிடவில்லை. முன்னவரின் பெயர் அடிக்கல்லில் இருக்கிறதே என்று பின்னவர் வேலையை நிறுத்தவில்லை. இன்று எமது பொது வாழ்க்கையைப் பார்ப்போருக்கு இது சிறிய காரியமாகத் தோன்றாது.

முன்றலிலே கலைமகளின் சிலை அமர்ந்தது. அதே வளவிலே லோங் அடிகளாரின் சிலையும் எழுந்தது. வீணையேந்திய சரஸ்வதியும் அங்கியணிந்த கத்தோலிக்கக் குருவும் ஒரே முற்றத்திலே இருப்பதைச் சிறுவயதிலே நாம் வியப்பாகப் பார்த்ததில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினோம். எமது பெற்றோரின் தலைமுறை எமக்குத் தந்த பெரிய கொடை அந்த வியப்பின்மைதான்.

"நூலகத்துக்குப் போறன்"

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் வந்தது. சம்பளம் கட்ட முடியாது என்பதற்காக வீட்டிலே நின்ற பெண்பிள்ளைகள் மேல்வகுப்புவரை வந்தனர். ஆனால் பாடப்புத்தகத்துக்கு அப்பால் வாசிக்கப் புத்தகம் வாங்க எத்தனை வீடுகளிலே வசதி இருந்தது? அந்த இடைவெளியை நிரப்பியது பொது நூலகம்.

எழுபதுகளின் பிற்பகுதியிலே நான் உயர்தர வகுப்பு மாணவி. தரப்படுத்தல் வந்த பின்பு, பல்கலைக்கழக வாசலை எட்ட எமக்கு முன்னையவர்களிலும் கூடிய புள்ளி தேவைப்பட்டது. தாவரவியலுக்கு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அதை வாங்க ஐயாவின் ஒரு மாதச் சம்பளத்திலே பெரும்பகுதி போய்விடும். உசாத்துணைப் பகுதியிலே அது இருந்தது. வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே பின்னேரங்களிலே நானும் வகுப்புத் தோழிகள் இருவரும் சைக்கிளிலே போய், மாறி மாறிக் குறிப்பெடுத்தோம். ஒருத்தி வாசிக்க மற்றவள் எழுதுவாள், சத்தம் கேட்டால் நூலகர் நிமிர்ந்து பார்ப்பார், உடனே கிசுகிசுப்பாகிவிடும்.

அந்நாளிலே ஒரு பெண்பிள்ளை தனியே போகக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாடசாலை, கோயில் அல்லது தேவாலயம், ரியூசன். அந்த வரிசையிலே நூலகமும் ஒன்று. "நூலகத்துக்குப் போறன்" என்று சொன்னால் அம்மா மறுக்கமாட்டா. "பொழுதுபடுறதுக்கு முன்னம் வந்திடு பிள்ளை" என்ற ஒரு சொல்லோடு படலை திறக்கும். அங்கே எமது மேசைக்கு எதிரிலே வேறு பாடசாலைப் பிள்ளைகள் இருப்பார்கள். வலைப்பந்தாட்டத்திலே எம்மைத் தோற்கடித்தவர்கள், விவாத மேடையிலே நாம் தோற்கடித்தவர்கள். அங்கே அவர்களும் எம்மைப்போலவே அதே புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள். வேறு பாடசாலை மாணவியோடு நான் முதன்முதலிலே சினேகமானது அந்த மேசையிலேதான்.

1967 இல் தனியாகச் சிறுவர் பகுதியும் அமைந்தது. நூலகத்தின் உயர்ந்த பொறுப்பிலே ஒரு பெண் இருந்ததையும் எமது தலைமுறை கண்டது. 1981 இல் பிரதம நூலகராகக் கடமையாற்றியவர் திருமதி ரூபவதி நடராஜா அவர்கள். வாசிக்க வந்த பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதிரை சொல்லாமல் சொன்ன செய்தி ஒன்று உண்டு.

1981

1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்த நாள்களும் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை, அறியாதார் இலர். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை அண்டிய நாள்கள் அவை. கடைகள் எரிந்தன. 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. நூலகமும் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், ஏடுகளும், ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்றோரின் பெயரால் விளங்கிய சேகரிப்புகளும் சாம்பலாயின. யாழ்ப்பாணத்திலே வாழ்ந்த பன்மொழி அறிஞர் வணபிதா தாவீது அடிகள், எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர் துறந்தார்.

எரிந்தது எமது இனத்தின் அறிவுச் செல்வம் என்று பலர் எழுதியிருக்கின்றனர், அது உண்மை. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்த நகரத்திலே பாடசாலைகள் பல. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரப்பினரால் ஆனவை. எல்லோரும் சேர்ந்து, எவரையும் முந்துவதற்காக அல்லாமல் கட்டிய கல்விக்கூடம் இது ஒன்றே. எமது சோதனைக் குறிப்புகள் என் கொப்பியிலே இருந்தன. அவை எடுக்கப்பட்ட புத்தகம் இல்லாமற் போயிற்று. சில நாள்களின் பின் நாங்கள் மூவரும் அங்கே போனோம். கரிந்த தாள் காற்றிலே பறந்து சட்டையிலே ஒட்டியது. ஒருவரோடு ஒருவர் பேசாமல் திரும்பினோம்.

மீண்டும்

சாம்பலைக் கண்டு நகரம் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே நிதி திரட்டத் தொடங்கினர். மாணவர் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் சேர்த்தனர். 1984 இல் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் நூலகம் நின்றது கோட்டைக்கு அருகே. போர் மூண்டபோது செல்லும் சன்னமும் அதன் சுவரைத் துளைத்தன.

தொண்ணூறுகளின் இறுதியிலே அரசாங்கம் 'புத்தகமும் செங்கல்லும்' என்ற இயக்கத்தின் மூலம் புனரமைப்பைத் தொடங்கியது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்றோரும், மீண்டும் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்றோரும் இருந்தனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2003 பெப்ரவரியிலே நடைபெறவிருந்த திறப்பு விழா எதிர்ப்பினால் தடைப்பட்டு, மாநகரசபை உறுப்பினர்கள் பதவி விலகும் நிலையும் ஏற்பட்டது. பின்னர் ஆரவாரமின்றி வாசகருக்குக் கதவு திறந்தது. 1934 இல் எல்லோரையும் ஒரு மேசைக்கு அழைத்த நூலகம், எழுபது ஆண்டுகளின் பின் அதே மேசைக்கு எல்லோரையும் கொண்டுவர முடியாமற் தவித்தது. போர் எம்மிடமிருந்து எடுத்தவற்றிலே கூடிப் பேசும் பழக்கமும் ஒன்று.

இன்று மாலைவேளையிலே அங்கே போனால், வாசிப்பு மேசைகளிலே பெண்பிள்ளைகள் நிறைந்திருப்பதைக் காணலாம். சைக்கிளுக்குப் பதிலாக வெளியே ஸ்கூட்டிகள் நிற்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது நூற்றாண்டுக்கு

இக்கதையைப் பழைய மாணவியர் சங்க மலரிலே எழுதியதற்குக் காரணம் உண்டு. இன்று எமது நகரத்துப் பாடசாலைகளுக்கு உதவுவோர் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கங்களே. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகள் உழைத்த பணத்திலே எமக்கு மண்டபம் வந்தது, கணினி அறை வந்தது. அவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்த உதவியும் பழைய போட்டியின் தடத்திலேயே ஓடுகிறது. ஒவ்வொரு சங்கமும் தன் பாடசாலைக்கே கொடுக்கிறது. பெரிய பாடசாலைக்குப் பெரிய சங்கம். வலுவான சங்கம் இல்லாத சிறிய பாடசாலைக்கு யார்? எமது மதிலிலிருந்து நடந்து போகும் தூரத்திலே, ஓடு உடைந்த வகுப்பறையிலே, நூலகமென ஒரு பழைய அலுமாரியோடு இயங்கும் பாடசாலைகள் உண்டு. அங்கே படிக்கும் பெண்பிள்ளைகள் பலர் கூலித் தொழிலாளர், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1930 இல் வாங்கிலே இருக்க விடாமல் தடுக்கப்பட்ட பிள்ளைகளின் வழித்தோன்றல்களும் அவர்களுள் உண்டு.

லோங் அடிகளார் தமது கல்லூரியைக் கைவிட்டு நூலகத்துக்கு உழைக்கவில்லை. இரண்டையும் செய்தார். எம்மாலும் இரண்டையும் செய்ய முடியும். ஆகவே சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டின் முதற் பணியாக மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, எமது பாடசாலை நூலகத்தைச் சனிக்கிழமைகளிலே அயற் பாடசாலை மாணவியருக்கும் திறந்துவிட அதிபரோடு கலந்து பேசுதல். நூலகப் பொறுப்பாளருக்கான அன்றைய வேதனத்தைச் சங்கம் ஏற்கலாம். இரண்டு, இனிமேல் திரட்டும் நிதியிலே ஒரு பங்கை, எவ்வளவு சிறியதாயினும், மதிலுக்கு வெளியே உள்ள ஒரு பாடசாலையின் வாசிப்பறைக்கென ஒதுக்குதல். மூன்று, ஏனைய கல்லூரிகளின் பழைய மாணவியர் சங்கங்களையும், மாநகரசபையையும், கல்வி வலயத்தையும் ஆண்டுக்கொரு முறையாவது ஒரே கூட்டத்துக்கு அழைத்தல். இடம் தேடி அலைய வேண்டாம். பொது நூலகத்திலே கேட்போர் கூடம் இருக்கிறது.

இதை வாசித்து, முதலில் எமது பாடசாலையின் குறையைத் தீர்ப்போம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் சகோதரிகளும் இருப்பர். அந்தப் 'பிறகு' நூறு ஆண்டுகளாக வரவில்லை என்பதே என் பதில். செல்லப்பா அவர்கள் நிதி திரண்ட பின் தொடங்கவில்லை. வீட்டிலே இருந்த புத்தகங்களோடு தொடங்கினார்.

எம் வீட்டு அலுமாரிகளிலும் புத்தகங்கள் இருக்கின்றன. என்னுடையவற்றிலே நூறைப் பொதி செய்து வைத்திருக்கிறேன். செயற்குழு சொல்லும் நாளிலே கொண்டுவந்து தருவேன்.

எமது சங்கம் மேலும் பல்லாண்டு சிறப்புற்று, தன் பிள்ளைகளுக்கும் அயலார் பிள்ளைகளுக்கும் பயன்பட வாழ்த்தி அமைகின்றேன்.